ஈமப்பேழையும் தூபியும்

சென்ற பௌர்ணமியன்று சித்தூரில் கூட்டம் முடிந்து, பஞ்சசீலம் சொல்லி எல்லோரும் எழுந்த சமயத்தில், ஓர் அம்மையார் நம்மிடம் வந்து ஓரமாக நின்றார். அவர் கணவர் கல் உடைக்கும் தொழிலாளி. நம் சங்கத்தின் பழைய உபாசகர். இரண்டு மாதங்களுக்கு முன் காலமானார். அடக்கம் செய்த அன்று அம்மையார், கணவருடைய உளியையும் அவர் நீரருந்தும் மண்சொம்பையும் குழியில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டார். இதைக் கண்ட நம் இளைஞர் ஒருவர், “பௌத்தராகிய பின்னும் பிணத்தோடு பண்டம் புதைப்பதா? இது மூடவழக்கம் அல்லவா?” என்று பலர் நடுவே கேட்டுவிட்டாராம். அம்மையார் நம்மைக் கேட்டது ஒரே கேள்வி: “ஐயா, நான் செய்தது தப்பா?”

அப்போது நாம் விடை சொல்லவில்லை. சட்டென்று சொல்லத்தக்க விடையும் நம்மிடம் இல்லை. எழுதுகிறோம் தாயே என்று சொல்லி அனுப்பினோம். இப்பாடம் அதன்பொருட்டு எழுதப்படுகிறது. கேள்வி சிறிது, ஆயினும் அதைத் தொட்டால் சித்தூர்க் குன்றுகளிலிருந்து சீனம், ஜப்பான் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. வாசகர் பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறோம்.

முதலில் நம் காலடியில் கிடப்பதைப் பார்ப்போம். 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த சித்தூர்ச் சீமையின் குன்றடிகளில், பெரும் பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த கல்லறைகள் உள்ளன. ஈரலபண்டா முதலிய இடங்களில் உள்ளவற்றை வெள்ளைக்கார அதிகாரிகள் நூறாண்டுக்கும் முன்பே பார்த்து எழுதி வைத்தார்கள். சிலவற்றில் நிறுத்திய கல்லின் தலை வில்போல் வளைத்துச் செதுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒரு பக்கத்துக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும். ஊரார் இவற்றைப் பாண்டவர் கோயில் என்பர். வனவாசம் போன பாண்டவர் இத்தனை ஊரில் வீடு கட்டியிருந்தால் அவர்களுக்கு வனவாசம் ஏது என்று நாம் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. இவை இரும்புக் காலத்து மக்கள் தம் இறந்தோருக்கு எடுத்த வீடுகள். உள்ளே எலும்பும், கறுப்பும் சிவப்புமான கலங்களும், இரும்புக் கருவிகளும் கிடைக்கின்றன. இரும்புக் கருவி என்றால் கத்தி, கோடரி, உளி. வாசகர் இதனை நினைவில் வைத்துக்கொள்க.

இக்காலத்து மக்கள் சில இடங்களில் எலும்புகளைச் சுடுமண் பேழையில் இட்டார்கள். தொண்டை மண்டலத்திலும் அதனை அடுத்த கடப்பைச் சீமையிலும் இவை அகப்படுகின்றன. தொட்டி போன்ற உடல். அதன் அடியில் இரண்டு மூன்று வரிசையாகக் குட்டைக் கால்கள். மேலே வண்டிக்கூடு போல் வளைந்த மூடி. ஏன் இத்தனை கால்கள் என்று கேட்டால், பளுவைத் தாங்கவும் சூளையில் அடிப்பக்கம் நன்றாக வேகவும் உதவும் என்று குயவர் சொல்லக்கூடும். நம் கண்ணுக்கு அது ஒரு பிராணி நிற்பது போல் தோன்றுகிறது. இவ்வெண்ணம் நமக்கு மட்டும் தோன்றியதன்று. கடப்பைச் சீமைச் சங்கவரத்தில் கிடைத்த பேழையொன்றுக்கு அக்காலக் குயவன் ஆட்டுக்கடாவின் தலையையே வைத்துவிட்டான். கால்வரிசையோடு, கொம்போடு, ஒரு கடா தன் வயிற்றில் இறந்தோரைச் சுமந்து நிற்கிறது. சென்னை எழும்பூர் அரும்பொருட்காட்சிச்சாலையில் அதைப் பார்க்கலாம். அதன் முன்னே நாம் நெடுநேரம் நின்றோம். செய்தவன் எழுத்தறிந்தவனோ இல்லையோ, துக்கம் அறிந்தவன்.

நம் சமயத்துத் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் இதற்குச் சான்று பகர்கிறது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், பிணத்தை எரிப்பது, வெளியே இடுவது, குழியில் வைப்பது, தாழ்ந்த அறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என ஐந்து வழக்கங்களும் ஒரே சுடுகாட்டில் நடந்தமை கூறப்படுகிறது. அங்கே செங்கல்லால் எழுப்பிய கோட்டங்கள் குட்டையும் நெட்டையுமாக நின்றன என்றும், நால்வகை வருணத்தாருக்கும் அவை வேறு வேறாக இருந்தன என்றும் சாத்தனார் குறிக்கிறார். இறந்தும் வேறு வேறு! நம் தந்தையாரை அடக்கம் செய்த ஊரில் ஊரார் சுடுகாடு ஆற்றோரம் மேட்டில். நமது புதைகாடு நீர் தேங்கும் பள்ளத்தில். மழைக்காலத்தில் குழி தோண்டத் தோண்ட நீர் ஊறும். ஆதலின் காப்பியத்தின் அவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்தே மேலே படிப்பது நம் வழக்கமாகிவிட்டது.

இனிச் சீனத்துக்குச் செல்வோம். அங்கே பழங்காலத்துச் சாங் மரபு அரசர் இறந்தால் ஆட்களைக் கொன்று கூடவே புதைத்தார்கள். அன்யாங்கில் 1928 முதல் நடந்த அகழ்வில் அரசர் கல்லறைகளில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்த மனித எலும்புகள் ஏராளமாக வெளிப்பட்டன. பிற்காலத்தில் மரத்தாலும் மண்ணாலும் செய்த உருவங்களை ஆட்களுக்குப் பதிலாக வைத்தார்கள். கொலை நின்றது, நல்லதுதானே என்று நாம் எண்ணுவோம். ஆனால் கன்பூசியஸ் அவ்வுருவங்களையும் வெறுத்தார் என்று மென்சியஸ் என்னும் ஞானி கூறுகிறார். மனிதனைப் போலவே செய்து புதைக்கப் பழகிய மனம் மனிதனையே புதைக்கவும் கூசாது என்பது அக்கோபத்தின் உட்பொருள் என்பர்.

அவர் அஞ்சியது வீண்போகவில்லை. கி.மு. 210இல் மாண்ட சின் மரபின் முதற் பேரரசனுக்கு எடுத்த மண்படையை அறியாதார் இல்லை. 1974இல் சியான் நகருக்கு அருகே குடியானவர் சிலர் கிணறு தோண்டியபோது அது வெளிப்பட்டது. ஆளுயரச் சுடுமண் வீரர் ஏறக்குறைய 8,000 பேர் என்று கணக்கிடுகின்றனர். முகத்துக்கு முகம் வேறு. ஒரு காலத்தில் வண்ணமும் பூசியிருந்தது. இத்தனை மண் ஆட்களைச் செய்த பின்னும் உயிருள்ள ஆட்களை அவன் கல்லறை விடவில்லை. பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களும், உட்புறத்து இரகசியம் அறிந்த வேலைக்காரரும் கூடவே அடைபட்டு மாண்டார்கள் என்று சீன வரலாற்றாசிரியர் சிமா சியன் எழுதியிருக்கிறார். அப்பக்கத்தில் கூலியாட்களைப் புதைத்த குழிகளும் அகப்பட்டன. உடைந்த ஓட்டுச்சில்லில் பெயரையும் ஊரையும் கீறிச் சிலர்மேல் வைத்திருந்தார்கள். பேரரசனுக்கு 8,000 வீரர். கூலிக்காரனுக்கு ஓர் ஓட்டுச்சில்.

அம்மண் வீரர்களின் உடலிலும் சில பெயர்கள் பொறித்திருக்கின்றன. அவை வீரரின் பெயரல்ல. செய்த குயவத் தலைவரின் பெயர். இதைப் படித்ததும் நமக்கு உடனே விளங்கிற்று. நாம் பஞ்சாலையில் தறி ஓட்டிய நாளில், நெய்து இறக்கிய துணியில் நம் எண்ணைக் குறித்தாக வேண்டும். புகழுக்கன்று, பழுது கண்டால் யார் கூலியில் பிடிப்பது என்று தெரிவதற்கு. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னும் அதே கணக்குத்தான் போலும். ஆயினும் காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: பிழை பிடிக்க எழுதிய பெயரே இன்று அக்குயவரை நமக்கு அறிமுகம் செய்கிறது.

ஜப்பானியர் கதை வேறு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு முதல் அந்நாட்டுத் தலைவர்களுக்குக் கோபுன் எனப்படும் மண்மேடுகளை எழுப்பினார்கள். சகாய் நகரத்தில் உள்ள தைசென் மேடு சாவித்துளை வடிவில் ஏறக்குறைய 486 மீட்டர் நீளம் கிடக்கிறது, சுற்றிலும் அகழி. 2019இல் அத்தொகுதி உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. இம்மேடுகளின்மேல் வரிசை வரிசையாக ஹனிவா என்னும் சுடுமண் உருவங்களை நட்டார்கள். அடிப்பகுதி வெறும் குழாய். அது மண்ணில் புதையும். மேலே வீடு, படகு, குதிரை, வீரன், பூசைப்பெண். கண்ணும் வாயும் வெறும் துளைகள். நம் ஊர்களில் ஐயனாருக்குக் குயவர் செய்து நிறுத்தும் மண்குதிரையைக் கண்டவர் எவரும் ஹனிவாக் குதிரையைப் பார்த்துப் புன்னகை செய்யாமல் இருக்க முடியாது. சீனத்து உருவங்கள் நிலத்தடியில் ஒருவர் கண்ணுக்கும் படாமல் கிடக்க, ஜப்பானியர் உருவங்கள் மேட்டின்மேல் வெயிலிலும் மழையிலும் ஊரார் காண நின்றன. ஒன்று இறந்தவனுக்காக, மற்றொன்று பெரும்பாலும் இருப்பவர்களுக்காக என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்வுருவங்கள் பிறந்ததற்கு ஒரு கதை உண்டு. 720இல் தொகுத்த நிஹோன் ஷோகி என்னும் ஜப்பானிய வரலாற்று ஏட்டில், அரசகுடும்பத்தார் இறந்தபோது வேலைக்காரரை உயிரோடு மேட்டைச் சுற்றிப் புதைத்தார்கள் என்றும், அவர்கள் அழுகுரல் அரசன் செவிக்கு எட்டியது என்றும், நோமி நோ சுகுனே என்பவர் குயவரை அழைத்து மண் உருவங்களைச் செய்வித்து அக்கொடுமையை நிறுத்தினார் என்றும் வருகிறது. இதனை நாம் மேடைகளில் பலமுறை கண்ணீர் வரச் சொல்லியிருக்கிறோம். இனிச் சொல்லமாட்டோம். ஏனெனில் அகழ்வாராய்ச்சி வேறு கூறுகிறது: முதலில் வந்தவை கலம் தாங்கும் பீடங்களிலிருந்து பிறந்த வெறுங்குழாய்கள், மனித உருவம் தோன்றியது ஐந்தாம் நூற்றாண்டில்தான், உயிரோடு புதைத்ததற்கு அம்மேடுகளில் தடயம் இல்லை. கதை அழகியது, நம் கொள்கைக்கு ஏற்றது. ஏற்றது என்பதாலேயே மெய்யாகிவிடுமா?

இப்போது தூபிக்கு வருவோம். பகவன் பரிநிர்வாணம் அடைந்து உடல் எரிந்தபின், எலும்புகளின் பொருட்டு அரசர்கள் போருக்கு எழுந்தார்கள். துரோணர் என்னும் அந்தணர் அவற்றை எட்டுப் பங்காக்கினார். எட்டுப் பங்குக்கு எட்டுத் தூபி; பங்கிட்ட குடத்துக்கு ஒன்று; கரிக்கு ஒன்று; ஆகப் பத்து. தூபி என்பது யாதெனில் இறந்தோர்மேல் குவிக்கும் மண்மேடேயாகும். சித்தூர்க் குன்றடியில் கல் அடுக்கியவன் செய்த காரியத்தின் உறவு அது. வேறுபாடு எங்கே என்றால், அதன் உள்ளே கூட வைத்த ஆளும் இல்லை, குதிரையும் இல்லை. அரசனுக்கு மட்டும் உரியதும் அன்று. நான்கு பெருவழி கூடும் இடத்தில் அதை எடுக்கச் சொன்னார் பகவன். வழிப்போக்கன் எவனும் ஒரு பூவை வைத்துப் போகலாம். நம் ஆந்திர நாட்டுப் பட்டிப்புரோலுவில் 1892இல் அலெக்சாண்டர் ரீ என்பவர் தூபியைத் திறந்தபோது கற்பேழைகளில் எழுத்தும், அவற்றுள் எலும்புத் துணுக்கும் பொன்மணிகளும் கண்டார். ஆம், பொன்மணிகள். வெறும் எலும்பை மட்டும் வைக்க நம் முன்னோர் மனமும் ஒப்பவில்லை.

இத்தூபி சீனம் சென்றதும் உயர்ந்தது. அந்நாட்டு மாடங்களின் அடுக்குமேல் அடுக்கு ஏறி, குடையும் கூம்பும் உச்சிக்குப் போயின. ஹேனான் நாட்டுச் சோங்யூ விகாரத்தில் கி.பி. 523 அளவில் எடுத்த பன்னிரு பட்டைச் செங்கற்கோபுரம் இன்றும் நிற்கிறது. ஜப்பானுக்குப் பௌத்தம் கொரியாவின் பேக்சே அரசிலிருந்து வந்தது. ஆண்டு 538 என்பாரும் 552 என்பாரும் உளர். 588இல் அசுகா விகாரத்தைக் கட்டத் தொடங்கி, 593இல் கோபுரத்து நடுத்தூணின் அடியில் தாதுவை வைத்தார்கள். அக்கோபுரம் 1196இல் தீக்கிரையாயிற்று. 1956, 1957ஆம் ஆண்டுகளில் அவ்விடத்தை அகழ்ந்தவர்கள் வியந்துபோனார்கள். தூணின் அடியில் இருந்தவை யாவை? வளைந்த மணிகள், போர்க்கவசம், குதிரைக்கு அணியும் மணிகள். அத்தனையும் கோபுன் மேடுகளில் இறந்தோருடன் வைத்த பண்டங்கள் போன்றவை! புதிதாகப் பௌத்தரானவர்கள், மிகப் பெரிய மரியாதை செய்ய வேண்டிய இடத்தில், தம் தாய் தந்தையருக்குச் செய்த மரியாதையையே செய்துவிட்டார்கள். அவர்களைப் பிக்குகள் தடுக்கவில்லை. நம் சித்தூர் இளைஞர் இவ்விடத்தை இரண்டு முறை படிப்பாராக.

அடுத்து ஹோரியூ விகாரம். 607 அளவில் எடுத்து, 670இல் எரிந்து, மீண்டும் எழுந்தது. உலகில் இன்று நிற்கும் மரக்கட்டடங்களுள் மிகப் பழையவை அங்கே உள்ளன. ஐந்தடுக்குக் கோபுரம் ஏறக்குறைய 32 மீட்டர். அதன் நடுத்தூண் 594இல் வெட்டிய மரம் என்று வளையங்களை எண்ணிக் கூறுகின்றனர். நாம் சொல்ல வந்தது உயரத்தை அன்று. கோபுரத்தின் அடித்தளத்தில் 711இல் செய்து வைத்த மண் உருவங்கள் இருக்கின்றன. மேற்கே தாதுவைப் பங்கிடும் காட்சி. வடக்கே பகவன் பரிநிர்வாணம், சுற்றிச் சீடர்கள். வாய்விட்டு, மார்பில் அறைந்து, தலை நிமிர்ந்து கதறுகிறார்கள். ஒரு முழ உயரம்கூட இல்லாத, சூளையிலும் வைக்காத பச்சை மண் உருவங்கள். படத்தில் பார்த்தாலே அவர்கள் ஓலம் காதில் கேட்கிறது. சீனத்து மண் ஆள் அரசனுக்குக் காவல் நின்றான். ஜப்பானிய மண் ஆள் மேட்டில் அணிவகுத்தான். இங்கே மண் ஆள் ஏவல் செய்யவில்லை, அழுகிறான். பௌத்தர் அழக்கூடாது என்று நம்முள் சிலர் சாவு வீட்டில் கண்டிப்புச் செய்வதைக் கண்டிருக்கிறோம். அவர்கள் அவ்வுருவங்களின் படத்தையாவது பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக் கட்டடக்கலையைச் சொல்லாமல் விட இயலாது. ரேணிகுண்டாவை அடுத்து, 2022இல் பிரித்த திருப்பதி மாவட்டத்தில், சுவர்ணமுகி ஆற்றின் பக்கம் குடிமல்லம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் கருவறைப் பின்புறம் யானை படுத்தாற்போல் வளைந்திருக்கும். தமிழர் இதைத் தூங்கானை மாடம் என்பர். உள்ளே ஐந்தடி உயரக் கல் இலிங்கத்தில், குள்ளன்மேல் நிற்கும் ஓர் உருவம். கையில் ஆடு, மற்றதில் சிறு கலம், தோளில் கோடரி. 1973இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, அவ்விலிங்கத்தைச் சுற்றிச் சதுரமாகக் கல்வேலி இருந்தமை தெரிந்தது. தூபியைச் சுற்றி எடுக்கும் வேலி போன்றது. அதன் பின் செங்கல்லால் வளைந்த கருவறை எழுந்தது. இன்றைய கற்கோயில் சோழர் காலத்தது.

இதைக் கொண்டு, “குடிமல்லம் நம் சைத்தியமே, பின்னர்ப் பறித்துக்கொண்டார்கள்” என்று நாம் பத்தாண்டுகளுக்கு முன் திருப்பதியில் ஒரு கூட்டத்தில் அடித்துப் பேசினோம். கைதட்டல் மிகுதி. கூட்டம் முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் வந்து, “ஐயா, வேலிக்கு நடுவில் முதலிலிருந்தே நின்றது இலிங்கம் அல்லவா? தூபி அங்கே எங்கே இருந்தது?” என்றான். நமக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு தேடிப் படித்தோம். வளைந்த பின்புறம் பௌத்தருக்கு மட்டும் உரியதன்று. பராபர் குன்றில் அசோகர் ஆசீவகருக்குத் தந்த சுதாமக் குகையின் உள்ளறையும் வட்டக் குடிசை வடிவினதே. திருத்தணியில் பல்லவர் காலத்து வீரட்டானேசுவரர் கோயிலும் தூங்கானை மாடமே. மூங்கிலும் மரமும் வளைத்துக் கூரை வேய்ந்த தச்சன் எல்லாச் சமயத்தார்க்கும் ஒரே கையால் கட்டினான். அவ்வாறே திருமலையும் விகாரம் என்று நம்மவர் சிலர் எழுதுகின்றனர். ஆனால் பழைய சிலப்பதிகாரமே வேங்கடத்தில் நின்றவரைத் திருமால் என்கிறது. நமக்குக் காஞ்சி இருக்கிறது. ஏறக்குறைய 640இல் அங்கு வந்த சுவான்சாங் என்னும் சீன யாத்திரிகர் நூறு விகாரங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதினார். அமராவதி இருக்கிறது, அதன் கற்கள் எழும்பூரில், அக்கடாப் பேழை உள்ள அதே அரும்பொருட்காட்சிச்சாலையில் நிற்கின்றன. உள்ளதைச் சொல்லவே நமக்கு ஆயுள் போதாது. இல்லாததை எதற்குச் சேர்ப்பது?

அந்தச் சுவான்சாங்கிடம் சீனத்தில் பாடம் கேட்ட ஜப்பானியர் தோஷோ என்னும் பிக்கு. அவர் 700இல் மறைந்தபோது உடலை எரித்தார்கள். ஏட்டுக் குறிப்பின்படி ஜப்பானில் முதல் எரியூட்டு அதுவே. மூன்றாண்டு கழித்து ஜிதோ என்னும் அரசியாருக்கும் அவ்வாறே செய்தனர். பெருமேடு எழுப்பும் வழக்கம் அதற்குள் மங்கிவிட்டது. ஒருவரும் சட்டம் போட்டு ஒரே நாளில் அதை மாற்றவில்லை. மேட்டில் சேர்ந்த உழைப்பு மெல்ல மெல்ல விகாரத்துக்குப் போயிற்று. புதைப்பதா எரிப்பதா என்று நம் சங்கத்தில் எழும் வாதத்துக்கும் இதுவே போதுமென்று கருதுகிறோம். இரண்டும் பௌத்தர் செய்தனவே.

இனி அம்மையாரின் கேள்வி. எழுதுமுன் ஒருமுறை அவர் வீட்டுக்கே சென்று, உளியை ஏன் வைத்தீர்கள் தாயே என்று கேட்டோம். மறுவுலகில் கல் உடைப்பதற்கா என்றும் கேட்டோம். அவர் சிரித்தார். “அங்கேயும் அவர் கல் உடைக்க வேண்டுமா ஐயா? அந்த உளியின் பிடி அவர் கை அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதை இன்னொருவர் கையில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை” என்றார்.

தாயே, நீர் செய்ததில் தவறில்லை. இறந்தவருக்கு ஏவல் செய்ய ஆளைப் புதைத்தது கொடுமை. பண்டத்தை வைத்தால் அவர் பசி தீரும் என்று நம்பி அமாவாசைதோறும் கடன்பட்டுப் படைப்பது அறியாமை. நீர் செய்தது இரண்டும் அன்று. அதை மூடவழக்கம் என்ற தம்பி கேட்டதும் நல்லெண்ணத்தால்தான். ஆயினும் குழி மூடாத நேரத்தில், பலர் நடுவில் கேட்டிருக்க வேண்டாம். இதை அவரிடம் நேரில் சொல்லிவிட்டோம்.

அவர் கல்லறைமேல் சிமெண்டால் சிறு தூபி எடுக்க மகன் விரும்புகிறார் என்று கேள்வி. தூபி எடுக்கத் தக்கோர் என்று பகவன் குறித்தவர் புத்தர், பிரத்தியேக புத்தர், புத்தரின் சீடர், அறவழி ஆளும் சக்கரவர்த்தி என நால்வர். ஆதலின் அவ்வடிவம் வேண்டாம். அவர் உடைத்த சித்தூர்க் கல்லிலேயே ஒரு பலகை நிறுத்தி, பெயரும் ஊரும் தொழிலும் ஆண்டும் வெட்டினால் போதும். எழுத்து வெட்டும் கூலியைச் சங்கம் ஏற்கும்.

அடுத்த பௌர்ணமிக்குப் பின்வரும் ஞாயிறன்று குடிமல்லம் செல்ல ஏற்பாடு செய்திருக்கிறோம். காலை ரேணிகுண்டா நிலையத்தில் கூட வேண்டும். அது வழிபாடு நடக்கும் கோயில். மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். எழும்பூர்ப் பயணம் அதற்கடுத்த மாதம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, ஆதலின் சனிக்கிழமை வைத்துள்ளோம். மதிய உணவு அவரவர் கொண்டுவருக.